பனியன் கம்பெனி லைன் சூப்பர்வைசர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: ஆட்கள் மனம் வைத்து, ஒரே சீராக வேலை செய்ய என்ன செய்வது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எனக்கு இது 21-ஆவது வருடம். கை மடிக்கும் ஹெல்பராக உள்ளே வந்தேன். மதிய இடைவேளைகளில் துணி ஓரத்தை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் பழகி டெய்லர் ஆனேன், அப்புறம் செக்கிங், அப்புறம் லைன் (ஆளுக்கொரு பகுதியாகத் தைக்கும் மெஷின் வரிசை) சூப்பர்வைசர். இப்போது நான்கு லைன்களுக்கு புரொடக்‌ஷன் மேனேஜர். எங்கள் தொழிலில், நன்றாகத் தைக்கிற ஒருவரை ஒரு திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டு "இன்னியிலிருந்து நீதான் சூப்பர்வைசர்" என்று சொல்லிவிடுவார்கள். ஆட்களை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை. பலரை நோகடித்துத்தான் கற்றுக்கொண்டேன். புதிய சூப்பர்வைசர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதுகிறேன்.

ஆட்கள் மனம் வைத்து வேலை செய்கிறார்களா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

தப்பு நடக்கும்போது உங்களைக் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. வேகமாகத் தைப்பது, லீவு போடாமல் வருவது எல்லாம் பயத்தினாலும் வரும், கடனாலும் வரும். ஆனால் "அண்ணா, தையல் விட்டு விட்டு விழுதுங்க, மெஷினைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒருவர் தானாகக் கை தூக்கினால், அந்தத் துணி நன்றாக வர வேண்டும் என்ற ஆசை அவருக்கே இருக்கிறது.

நான் சூப்பர்வைசரான முதல் வருடம் நேவி கலர் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று ஓடியது. கழுத்துக்கு வைக்கும் ரிப் துணிப் பட்டி இரண்டு ஷேடில் கலந்து வந்துவிட்டது. ரிப் வைக்கும் அக்காவுக்கு முதல் பண்டிலிலேயே (வெட்டிய பீஸ்களின் கட்டு) தெரிந்திருக்கிறது. பக்கத்து மெஷினில் இருந்தவரிடம் சொல்லியும் இருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. செக்கிங் போன பிறகுதான் வெளியே வந்தது. அதற்குள் 600 பீஸ் தைத்து முடிந்துவிட்டது. கழுத்தைப் பிரித்து மறுபடி தைக்க இரண்டு நாள் ஆனது. "ஏங்க்கா சொல்லலை?" என்று கேட்டேன். "போன வாரம் ஒண்ணு சொன்னேனுங்க. வேலையைப் பார்க்காம குறை கண்டுபிடிச்சிட்டு இருக்கியான்னு கேட்டீங்க" என்றார். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவர் மறக்கவில்லை.

மனம் இல்லாத ஆள் என்று நாம் ஒதுக்குபவர்களில் பலர், ஒருமுறை மனம் வைத்துச் சொல்லித் திட்டு வாங்கியவர்கள். அதனால் "இவர்களுக்கு எப்படி உற்சாகம் ஏற்றுவது" என்று தொடங்காதீர்கள். ஏற்கெனவே இருந்த அக்கறையை எது தின்றது என்று தேடுங்கள். கீழே நான் சொல்வது எல்லாமே அந்தத் தேடல்தான்.

காலையில் வந்ததும் முதல் வேலை எது?

ஷிஃப்ட் 8.30-க்கு என்றால் நீங்கள் 8 மணிக்கே லைனில் இருக்க வேண்டும். நேற்று சாயங்காலம் "மெஷின் சத்தம் போடுது" என்று சொன்னவரின் மெஷினை மெக்கானிக் பார்த்தாரா? கட்டிங்கிலிருந்து பண்டில் வந்துவிட்டதா? நூல் கலர் சரிதானா? லேபிள் இருக்கிறதா? இந்த நாலைந்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தினமும் பார்க்க வேண்டும்.

மணிக்கு 120 பீஸ் எடுக்கிற லைன், பண்டிலுக்காக 20 நிமிடம் நின்றால் 40 பீஸ் போயிற்று. அந்த 40 பீஸை சாயங்காலம் யாரிடம் கேட்கிறோம்? காலையில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த அதே டெய்லரிடம்தான். பீஸ் ரேட்டில், அதாவது பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவருக்கு அது நேராக அவர் காசு. தன் தப்பே இல்லாமல் காலையில் காசு இழந்தவர் மத்தியானம் உற்சாகமாகத் தைக்க மாட்டார்.

இன்னொன்று: லைனின் கடைசி ஆபரேஷனிலிருந்து, அதாவது தையலின் கடைசிப் படியிலிருந்து, பின்னோக்கி நடந்து வாருங்கள். பண்டில் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கே யாரோ கஷ்டப்படுகிறார்கள். போகிற போக்கில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் இரவு அழுதுவிட்டு வந்திருக்கிறார் என்பது இந்த ஐந்து நிமிட நடையில் தெரிந்துவிடும். பத்து மணிக்கு மேல் தெரிந்து பிரயோஜனம் இல்லை.

மணிக்கணக்கு டார்கெட் போர்டு வைத்தால் ஆட்கள் பயப்படுகிறார்கள். எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். இன்று நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் வேலை செய்வதும் சோர்வுதான். போர்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதை மாற்றுங்கள். குறைந்துபோன மணி நேரத்துக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: "கை ஜாயின்ட் மெஷின் ரிப்பேர்", "பண்டில் லேட்", "கரண்ட் இல்லை". ஆள் பெயர் வேண்டாம். ஒரு வாரம் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், பெரும்பாலான காரணங்கள் தைப்பவரின் கையில் இல்லாதவை என்று உங்களுக்கே தெரியும். நான் அப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான் கட்டிங் மாஸ்டரிடம் போய்ப் பேசும் தைரியம் எனக்கு வந்தது. அதுவரை டெய்லர்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன், அதாவது கத்திக்கொண்டிருந்தேன்.

ஸ்டைல் மாறினால் மூன்று நாள் புரொடக்‌ஷன் விழுந்துவிடுகிறது. ஆட்களும் முரண்டு பிடிக்கிறார்கள். என்ன செய்ய?

இந்தக் கேள்விக்கு எழுபது வருடத்துக்கு முன்பே ஒரு தையல் ஆலையில் விடை கிடைத்திருக்கிறது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தைக்கும் கம்பெனி. பெரும்பாலும் இளம்பெண்கள், பீஸ் ரேட் கூலி, வேலை மாற்றினால் உற்பத்தி விழுவது, ஆள் நின்றுவிடுவது. அப்படியே நம் ஊர் கதை. லெஸ்டர் காக், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற இருவர் அங்கே சோதித்துப் பார்த்து 1948-ல் எழுதினார்கள்.

ஒரு குழுவைக் கூப்பிட்டு "போட்டி அதிகமாகிவிட்டது, வேலை முறை மாறுகிறது, புது ரேட் இது" என்று அறிவித்தார்கள். அந்தக் குழுவின் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். வேறு குழுக்களிடம் பிரச்சினையை மேஜைமேல் வைத்து, எந்த அசைவைக் குறைக்கலாம், ரேட்டை எப்படிக் கணக்கிடலாம் என்று அவர்களையே கேட்டு முடிவு செய்தார்கள். அந்தக் குழுக்களில் உற்பத்தி சீக்கிரம் பழைய அளவுக்கு வந்தது. பிரதிநிதிகளோடு மட்டும் பேசாமல் எல்லோரையும் சேர்த்துப் பேசிய குழுக்களில் பழைய அளவைவிட 14 சதவீதம் போல மேலேயும் போனது. அந்த 40 நாளில் ஒருவர்கூட நிற்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் வருகிறது. அந்த முதல் குழுவில் மிச்சமிருந்தவர்களை, சில மாதம் கழித்து, இந்தமுறை கலந்து பேசி வேறு வேலைக்கு மாற்றினார்கள். அவர்களும் மளமளவென்று எழுந்துவிட்டார்கள். அதே ஆட்கள்தான், சொன்ன விதம்தான் வேறு.

நம் லைனில் இதை எப்படிச் செய்வது? புது ஸ்டைலின் சாம்பிள் வந்ததும் அதை ஆபீஸ் மேஜையில் வைத்திருக்காதீர்கள். முந்தைய நாள் டீ இடைவேளையில் லைனுக்குக் கொண்டுவந்து எல்லோர் கையிலும் கொடுங்கள். "இதில் எது இழுக்கும்?" என்று கேளுங்கள். பிளாக்கெட்டில், அதாவது பட்டன் பட்டியில், இழுக்கும், கீழ் ஓரத்தை மடித்துத் தைக்கும் பாட்டம் பேட்லாக்கில் துணி நெளியும் என்று சாம்பிள் டெய்லருக்குத் தெரியாததையும் சொல்வார்கள். யாரை எந்த ஆபரேஷனில் உட்காரவைப்பது என்பதையும் அங்கேயே பேசுங்கள். அரை மணி நேரம் போகும். முதல் நாள் விழத்தான் செய்யும், அதை முன்கூட்டியே மேலே சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள்வரை இழுக்காது.

ஒரு எச்சரிக்கை. கேட்டுவிட்டு, ஏற்கெனவே முடிவு செய்ததையே செய்யப் போகிறீர்கள் என்றால் கேட்காதீர்கள். அது கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

நன்றாகத் தைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று குறைந்துவிட்டார். எச்சரிக்கலாமா?

முதலில் மெஷினைப் பாருங்கள். அப்புறம் துணியை: ஜிஎஸ்எம் (துணியின் கனம்) மாறியிருக்கலாம், இழுபடும் லைக்ரா நூல் கலந்திருக்கலாம். அப்புறம் அவருக்கு முந்தைய ஆபரேஷனை. இந்த மூன்றிலும் ஒன்றுமில்லை என்றால்தான் ஆளிடம் போக வேண்டும்.

போகும்போது தனியாகக் கூப்பிடுங்கள். லைன் நடுவில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "ஏன் குறையுது?" என்று தொடங்காதீர்கள். "ஒரு வாரமா நீங்க சரியில்லையே, என்னாச்சு?" என்று தொடங்குங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். எனக்குக் கடினமானது இதுதான். அந்த மௌனத்தை நிரப்பாமல் இருப்பது.

என் லைனில் பேட்லாக் தைத்த ஒருவர் இப்படிக் குறைந்தார். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து வெளியே போவார். போன் பேசுகிறார் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். விசாரித்தால் கண் மங்கியிருந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாமல், கண்ணைக் கழுவிவிட்டு வரத்தான் எழுந்து போயிருக்கிறார். வயது 43. கண்ணாடி போட்டால் "வயசாயிடுச்சு"ன்னு நிறுத்திவிடுவார்கள் என்று பயம். ஒரு கண்ணாடி, மெஷினில் ஒரு சின்ன லைட். அதற்கு அப்புறம் அவர் ஏழு வருடம் என்னோடு இருந்தார். அன்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு திங்கட்கிழமை வருவதில்லை. குடிதானே காரணம்?

சிலருக்கு அதுதான். எல்லோருக்கும் அதே என்று முடிவு கட்டாதீர்கள். ஆறு மாதம் நான் ஒரு நோட்டில் குறித்தேன்: யார், எந்த நாள், என்ன காரணம். தேனி, சிவகங்கை பக்கம் ஊருக்குப் போனவர்கள் ஞாயிறு இரவு பஸ் கிடைக்காமல் திங்கள் மத்தியானம் வந்து, அரை நாளுக்கு உள்ளே விட மாட்டார்கள் என்று அறையிலேயே தங்கிவிடுகிறார்கள். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர்கள் இருந்தார்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளில், பிடித்து வைத்துவிட்டு வர 9 மணி ஆகும், கேட்டில் திட்டு வாங்க வேண்டுமே என்று வராமலே இருந்த பெண்கள் இருந்தார்கள்.

கேட்டில் நிற்பவரிடம் பேசி, போன் செய்து சொல்லிவிட்டு வந்தால் லேட்டாகவும் உள்ளே விடலாம் என்று மாற்றினோம். ஊருக்குப் போகிறவர்கள் வியாழக்கிழமையே பெயர் கொடுத்தால் திங்கட்கிழமை லைனை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். திங்கள் லீவு அடியோடு நிற்கவில்லை. ஆனால் யார் வர மாட்டார்கள் என்று முன்பே தெரிவது பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. குடிப்பவர் விஷயத்தில் திட்டுவதால் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் யாரிடமாவது பேச வேண்டும், அவரே விரும்பினால் சிகிச்சைக்கு வழி சொல்ல வேண்டும்.

கடைசியில் எல்லாம் காசுதானே? சம்பளம் கூட்டினால் போதாதா?

காசு முக்கியம். இதைப் பூசி மெழுகிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இந்த ஊரில் 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு மாதம் அடுப்பு எரிவதே சந்தேகமாக இருந்தும் நின்றிருக்கிறார்கள் என்றால் கூலி எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

சம்பளமும் வேலைச் சூழலும் மோசமாக இருந்தால் மனம் வெறுக்கும், ஆனால் அவை நன்றாக இருப்பதால் மட்டும் ஈடுபாடு வந்துவிடாது என்று ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1959-ல் சொன்னார். மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இதை இன்றும் சொல்லித் தருகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் பேட்டி எடுத்தது இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும். சனிக்கிழமை வாங்கும் சம்பளத்தில் ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடைப் பாக்கி அடைக்கும் ஒருவரிடம் "பணம் ஊக்கம் தராது" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ரேட்டை முடிவு செய்வது சூப்பர்வைசர் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது கணக்கு. யாருக்கு எத்தனை பீஸ், எத்தனை ஷிஃப்ட் என்பதை அன்றன்று எழுதி, அவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். சனிக்கிழமை கவுன்ட்டரில் 30 ரூபாய் குறைந்தால் போவது 30 ரூபாய் மட்டுமில்லை. அடுத்த ஒரு வாரம் அவர் உங்கள் வார்த்தை எதையும் நம்ப மாட்டார். பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்கள், அது எங்கே போகிறது என்று கேட்டால் தெரிந்து சொல்லுங்கள். தீபாவளி போனஸ் கம்பெனி போடும் பிச்சை இல்லை. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. இதைச் சூப்பர்வைசரே அறியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஷிப்மென்ட் நெருக்கடியில் ஓவர்டைம் இல்லாமல் முடியுமா?

சில வாரம் முடியாது. ஆனால் மாதக்கணக்கில் எல்லோரும் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால் அது நெருக்கடி இல்லை, திட்டமே தப்பு. இரவு 8 மணிக்கு மேல் தைத்த பண்டில்களுக்கு ஒரு மாதம் தனியாக டிக்கெட் போட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை ஆல்டருக்கு, அதாவது தப்பைப் பிரித்துத் தைக்க, வந்து குவிந்தது பெரும்பாலும் அவைதான். பிரித்துத் தைக்கும் நேரத்தையும் சேர்த்தால் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நீங்களும் இப்படி டிக்கெட் போட்டுப் பாருங்கள். மேலே பேசுவதற்குக் கையில் ஒரு ஆதாரம் கிடைக்கும்.

சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. இது சட்டம். ஓவர்டைம் உண்டு என்பதை மத்தியானத்துக்குள் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் 5.20-க்கு வந்து சொன்னால், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குழந்தையை யார் பார்ப்பது என்ற கவலையோடுதான் ஒரு தாய் அடுத்த மூன்று மணி நேரம் தைப்பார். முடியாது என்பவரை மறுநாள் பழிவாங்காதீர்கள்.

சத்தம் போடாமல் வேலை வாங்க முடியுமா?

முடியும். நானே சத்தம் போட்டவன்தான். கத்தினால் அரைமணி நேரம் வேகம் கூடும், அது உண்மை. அதனால்தான் இந்தப் பழக்கம் விடுவதில்லை. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் எல்லோரும் பயத்தில் தைக்கிறார்கள், தையல் பிசகுகிறது, ஊசி உடைகிறது. உடைந்த ஊசியின் துண்டு எல்லாம் கிடைத்தால்தான் புது ஊசி தருவோம். அந்தத் தேடலிலேயே சேர்த்த நேரம் போய்விடும். கெட்ட வார்த்தைக்கு எந்த நிலையிலும் இடமில்லை. வயதில் மூத்தவரை "வா, போ" என்று பேசுவதற்கும் இல்லை.

பாராட்டினால் தலையில் ஏறிக்கொள்வார்கள் என்கிறார்களே?

ஏறியதை நான் பார்த்ததில்லை. ஆனால் "சூப்பர், சூப்பர்" என்று எல்லோரையும் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. என்ன நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்: "இந்த 50 பீஸில் ஒரு ஆல்டர்கூட இல்லை", "புது பொண்ணுக்கு நீங்க கர்வ் தைக்கச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தேன்." போதும்.

புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதம்கூட நிற்பதில்லை. ஏன்?

முதல் நாள் மத்தியானம் யாரோடு சாப்பிட்டார் என்று கேளுங்கள். தனியாகச் சாப்பிட்டிருந்தால் அவர் போய்விடுவார் என்று நான் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். வந்த அன்றே ஒரு மூத்த டெய்லரிடம் ஒப்படையுங்கள். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, சம்பளம் எப்போது, லீவு யாரிடம் கேட்பது என்பதை யாராவது ஒருவர் நடந்து காட்ட வேண்டும். சொல்லிக் கொடுக்கும் மூத்தவர் பீஸ் ரேட்டில் இருந்தால் அந்த நேரத்துக்கான கூலியை அவர் இழக்கக்கூடாது. அதை ஏற்பாடு செய்யாமல் "கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றால் அவர் ஏன் செய்வார்?

முதல் இரண்டு வாரம் டார்கெட் வேண்டாம், தரம் மட்டும். வேகம் பின்னால் வரும்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களோடு மொழி ஒரு தடையாக இருக்கிறது. எப்படி ஈடுபடுத்துவது?

பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள். எல்லோரையும் "பாய்" என்றோ "இந்திக்காரன்" என்றோ கூப்பிடாதீர்கள். ஒடிசாக்காரரின் தாய்மொழி இந்தி இல்லை, ஒடியா. இருபது முப்பது சொல் நீங்கள் கற்றுக்கொண்டால் அவர்கள் நூறு தமிழ்ச்சொல் கற்றுக்கொள்வார்கள். ஆபரேஷனை விளக்க ஒரு நல்ல பீஸையும் ஒரு தப்பான பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வையுங்கள். அதற்கு மொழி தேவையில்லை.

லீவு விஷயத்தில் நம் ஆட்களுக்கும் அவர்களுக்கும் கணக்கு வேறு. தன்பாத் ஆலப்புழை எக்ஸ்பிரஸில் போனால் போக வரவே பல நாள் ஆகிவிடும். மூன்று நாள் லீவு கொடுப்பது கொடுக்காததற்குச் சமம். வருடத்துக்கு ஒருமுறை நீண்ட லீவு, திரும்பி வந்தால் அதே மெஷின் என்று உறுதி கொடுத்தால் திரும்பி வருகிறார்கள். பீகார்காரர்களுக்கு தீபாவளிக்கு அடுத்து வரும் சட் பூஜை பெரிய பண்டிகை. தீபாவளி முடிந்ததும் லைனை நிரப்பத் திட்டமிடும்போது அதையும் காலண்டரில் குறியுங்கள். அப்புறம், இவர்கள் பலர் காண்ட்ராக்டர் மூலம் வருகிறார்கள். சம்பளம் அவர்கள் கைக்கு முழுதாகப் போகிறதா என்று விசாரிப்பது உங்கள் வேலை இல்லை என்று சொல்வார்கள். விசாரியுங்கள்.

லைனில் பாதிக்கு மேல் பெண்கள். தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

கழிப்பறைக்கு டோக்கன் முறை இருந்தால் எடுத்துவிடுங்கள். போகக்கூடாது என்று தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் தலைவலி, சிறுநீர்த் தொற்று, லீவு. உற்பத்தியை மட்டும் பார்த்தாலும் அது நஷ்டம்; மனிதரைப் பார்த்தால் அது கொடுமை.

பாலியல் தொல்லை பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அதில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் லைனில் யாருக்கும் தெரியாது. பயத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் சீரான வேலையை எதிர்பார்க்க முடியாது. பெண்களை சூப்பர்வைசர் ஆக்குங்கள் என்பதையும் மேலே சொல்லிக்கொண்டே இருங்கள். பத்து வருடம் தைத்தவருக்கு லைன் தெரியும்.

சித்திரை, வைகாசியில் மத்தியானம் ஆனால் வேகம் படுத்துவிடுகிறது.

சோம்பல் இல்லை, வெக்கை. பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மெஷினுக்கு மேலே பழைய ட்யூப்லைட்டை எடுத்துவிட்டுச் சூடு குறைவாக வரும் எல்இடி போட்டபோது, வெயில் அதிகமான நாட்களில் உற்பத்தி கூடியதைப் பொருளாதார ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். லைட் மாற்றுவது, காற்றோட்டம், அயர்ன் டேபிளை டெய்லர்கள் பக்கத்திலிருந்து தள்ளி வைப்பது, மூன்று மணிக்கு மோர். செலவு அதிகமில்லை.

கருத்துப் பெட்டி வைத்தோம். ஒரு சீட்டும் விழவில்லை.

பூட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? கேமரா எங்கே இருக்கிறது? இரண்டையும் பாருங்கள்.

அதற்கு மேல், ஒரு நம்பிக்கை வேண்டும். 2016-ல் பெங்களூருவில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஆடை ஏற்றுமதிக் கம்பெனியின் ஆலைகளில் ஒரு ஆய்வு நடந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூலி உயர்வு குறைவாக வந்து எல்லோரும் மனம் நொந்திருந்த நேரம். அத்வர்யு, தெரசா மொலினா, நிஷாதம் ஆகிய ஆய்வாளர்கள், ஒரு பகுதித் தொழிலாளர்களிடம் மட்டும் வேலைச் சூழல், சூப்பர்வைசர், வேலைத் திருப்தி பற்றிப் பெயர் குறிக்காமல் கருத்துக் கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறைவு. மற்றவர்களைவிட அவர்களுக்குக் கூலி ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இதை வைத்து "கேட்டால் போதும், ஒன்றும் கொடுக்க வேண்டாம்" என்று ஒரு முதலாளி நினைத்தால் அது ஒருமுறைதான் பலிக்கும். நான் செய்வது: மாதம் ஒரு சனிக்கிழமை 15 நிமிடம் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். போன மாதம் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று முதலில் சொல்வேன். "முடியாது" என்பதையும் காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். பதிலே இல்லாமல் விடுவதைத்தான் ஏற்பதில்லை.

எவ்வளவு செய்தும் வேலை செய்யாதவரை என்ன செய்வது?

இருக்கிறார்கள். குறைவு, ஆனால் இருக்கிறார்கள். அவரை அப்படியே விட்டால் பக்கத்தில் ஒழுங்காகத் தைப்பவருக்கு நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள். தனியாகக் கூப்பிட்டு, எத்தனை பீஸ், என்ன தரம், எத்தனை நாள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேறு ஆபரேஷன் மாற்றிப் பாருங்கள். ஓவர்லாக்கில் தடுமாறிய ஒருவர் செக்கிங்கில் மிகக் கெட்டிக்காரராக இருந்ததுண்டு. அதற்கும் சரிவரவில்லை என்றால் முறைப்படி, மரியாதையோடு, பாக்கி ஒரு ரூபாய் வைக்காமல் கணக்கு முடித்து அனுப்புங்கள். அவர் போகும் விதத்தை லைன் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மேலிருந்து எனக்கே திட்டு விழுகிறது. நான் எப்படிப் பொறுமையாக இருப்பது?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆர்டர் கொடுக்கும் பையர், அந்த ஆர்டரைக் கவனிக்கும் நம் மெர்ச்சண்டைசரைத் திட்டுகிறார், மெர்ச்சண்டைசர் மேனேஜரை, மேனேஜர் உங்களை. அது உங்களோடு நிற்க வேண்டும். நான் செய்தது, திட்டு வாங்கிய உடனே லைனுக்குப் போகாமல் ஒரு டீ குடித்துவிட்டுப் போவது. இன்னொன்று, மேலே போகும்போது வெறும் கையோடு போகாமல் அந்த டார்கெட் போர்டு காரணங்களோடு போவது. இப்போது நான் மேனேஜர். என் சூப்பர்வைசர்களை ஆட்கள் முன்னால் திட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இரண்டுமுறை தவறியிருக்கிறேன், இரண்டுமுறையும் ஆட்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன்.

இதையெல்லாம் செய்தால் எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

பண்டில், மெஷின், நூல் ஆகியவற்றைச் சரிசெய்தால் ஒரு வாரத்தில் போர்டில் தெரியும். சம்பளக் கணக்கைச் சரியாக வைத்தால் இரண்டு மூன்று சனிக்கிழமைக்குள் முகத்தில் தெரியும். ஆட்கள் மறுபடி நம்பி வாய் திறக்க அதிக நாள் பிடிக்கும்; எத்தனை நாள் என்பது நீங்கள் முன்பு எவ்வளவு கெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ரிப் வைத்த அந்த அக்காவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க" என்றார், ஆனால் நம்பவில்லை. அடுத்த ஸ்டைல், அதற்கடுத்த ஸ்டைல், மெஷின் ரிப்பேர் என்றால்கூடப் பக்கத்து ஆளை விட்டுத்தான் சொல்லி அனுப்புவார். எட்டு மாதம் ஆனது. ஒரு மெரூன் ஆர்டர், காலை பத்து மணி இருக்கும். லைன் நடுவில் கை உயர்ந்தது. போனேன். இரண்டு ரிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். "அண்ணா, இது ரெண்டும் ஒண்ணு மாதிரி இல்லீங்க. நிறுத்திடட்டுங்களா?" என்றார். நிறுத்தச் சொன்னேன். 14 பீஸ்தான் போயிருந்தது.